தொரை நின்றுகொண்டே பார்த்த படம்

என் படம் திரையில் ஓடவில்லை. மனிதர்களின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகை நிறைய ஆட்கள். அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ப்ரொஜக்டர் வெளிச்சம் அவர்களுடைய ஸ்வெட்டர்களிலும் மப்ளர்களிலும் விழுந்து, ஜெயமணியக்காவின் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு கண் யாரோ ஒருவரின் தோளில். வாய் இன்னொருவரின் பச்சை ஸ்வெட்டரில். குரல் மட்டும்தான் முழுசாகக் கேட்டது. அந்தக் குரல் தன் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பகல் நேரம். மூணாறு பக்கம் மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி மேலே ஏறினால் வருகிற எஸ்டேட்களில் ஒன்று, பெயர் வேண்டாம். தொழிலாளர் கிளப் என்று பெயருக்கு ஒரு தகரக் கொட்டகை. இருட்டு வேண்டும் என்று பெண்கள் தங்கள் படங்குகளைக் கொண்டுவந்து ஜன்னல்களில் கட்டியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது செடியும் மழையும் துணியை நனைக்காமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்கிற தார்ப்பாய்தான் படங்கு. தேயிலைக் கறை ஏறி ஏறிக் கறுத்துப்போன பாய். அதன் கசப்பு வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கொட்டகைக்குள் அடைத்துக்கொண்டு நின்றன.

வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் வந்ததால்தான் இவர்கள் எழுந்தார்கள். அவர் உட்காராததால் இவர்களும் உட்காரவில்லை.

அவர் எஸ்டேட் மேனேஜர். அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த மலையில் மேனேஜர் இன்றைக்கும் தொரைதான். தொரை வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வாசலில் உட்கார்ந்து பாத்திரம் விளக்குகிற பெண் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். காய்ச்சலில் சுருண்டு கிடப்பவர்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவார். அப்படி ஒரு பழக்கம்.

நான் எழவில்லை. அதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கொடுத்த வீட்டில் நான் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

யாருடைய படம்?

இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்த ஒரு வாசகி போனில் பிடித்துக்கொண்டார். "எப்பவும் கோபமாவே எழுதறீங்களே, சினிமாவுல உங்களுக்கு ஒரு சந்தோஷம்கூட இல்லையா?" என்று கேட்டார். இருந்தது. அதைக் கெடுத்தவர்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் எருத்தேன்பதிக்காரி. பாலக்காடு மாவட்டம் என்று ரேஷன் கார்டு சொல்லும். ஊருக்குள் வந்து நின்றால் பொள்ளாச்சியில் நிற்கிற மாதிரி இருக்கும். பேச்சும் அப்படி, வெயிலும் அப்படி. நல்லேப்பிள்ளிப் பக்கம் வாய்க்கால் தண்ணீரில் நெல் நிற்கும். அங்கிருந்து கிழக்கே எங்கள் பக்கம் வந்தால் போர்க்குழாய் காற்றைத்தான் துப்பும். என் முதல் படம் அந்தத் தண்ணீரைப் பற்றியது.

அந்தப் படத்துக்காக எங்கள் கிணற்று மேட்டிலேயே கேமராவை வைத்திருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"ஏனம்மிணி, இத எடுத்தா வாய்க்கால்ல தண்ணி உட்டுருவாங்களா?"

"தெரியலீங்கப்பா."

"அப்பறம் எதுக்கு வெயில்ல காயற? ஊட்டுக்குப் போலாம் வா."

அப்பா கேட்டதாவது நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு என்னிடம் கேட்கப்பட்டதெல்லாம் கேள்வியே இல்லை. படத்தை முடித்துத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் போனேன். அங்கே திரைப்பட விழா அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பாதி பார்த்துவிட்டு, "இது தமிழ் படமல்லே? தமிழ்நாட்டில் கொடுத்து நோக்கூ" என்றார். சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் முழுக்கப் பார்த்தார், பாராட்டினார், காபி வாங்கிக் கொடுத்தார். "ஆனா மேடம், இது கேரளா மேட்டராச்சே" என்று கையை விரித்துவிட்டார்.

வறண்ட கிணற்றுக்கு மொழி கேட்கிற ஆட்களை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஓட்டுக் கேட்டு வரும்போது எங்கள் ஊர் எந்த மாநிலம் என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. தேங்காய் லாரி செக்போஸ்ட்டில் நிற்கும்போதும் வந்ததில்லை. ஒரு படத்துக்கு அரை மணி நேரம் கொடுக்கும்போது மட்டும் வந்துவிடுகிறது.

அதன் பிறகு எடுத்த படங்களுக்கும் இதே கதிதான். செங்கல் சூளை, கள்ளு இறக்குகிறவர்கள், எல்லைப் பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகம் வராத பிள்ளைகள். ஒவ்வொன்றையும் மண்டபங்களிலும் பள்ளிக்கூட வராந்தாக்களிலும் வேட்டியைக் கட்டித் திரையிட்டேன். 'சமூக அக்கறையுள்ள சுயாதீன இயக்குநர்' என்று என்னை மேடைகளில் அறிமுகப்படுத்துவார்கள். தியேட்டர் கிடைக்காதவள் என்பதற்கு மரியாதையான பெயர் அது.

நீல ஷீட்

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அதற்காகச் சுற்றுலா விளம்பரப் படங்களிலும் வேலை செய்தேன். அப்படித்தான் மூணாறு போனேன்.

விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் கூடவே வந்தார். மாட்டுப்பட்டி அணைத் தண்ணீர், படகு, புல்வெளியில் மாடு, சரிவெல்லாம் தேயிலை. எல்லாம் அழகு. தேயிலைக்கு நடுவில் லயங்கள் இருந்தன. ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த, ஆளுக்கு ஓர் அறையும் அடுப்படியுமான தொழிலாளர் வீடுகள். கூரை ஒழுகுவதால் மேலே நீல பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கல்லை வைத்திருப்பார்கள். கம்பெனிக்காரருக்கு அந்த நீலத்தைப் பார்த்தாலே ஆகவில்லை.

"அந்த ப்ளூ ஷீட் ஃபிரேம்ல வரக்கூடாது. கலர் டோனே போயிடுது."

என் கேமராமேன் ஜோபி கோட்டயத்துக்காரன், என்னோடு சுற்றிச் சுற்றித் தமிழ் கற்றுக்கொண்டவன். லென்ஸை இடப்பக்கம் திருப்பினான், அங்கேயும் நீலம். வலப்பக்கம் திருப்பினான், அங்கேயும் அதுதான். "சேச்சி, வானத்த மட்டும் எடுக்கட்டே?" என்றான்.

கடைசியில் கொழுந்து பறிக்கிற பெண்களைக் கிட்டத்தில் எடுப்பது என்று முடிவானது. கம்பெனிக்காரர் போய், கூடையை இப்படிப் பிடியுங்கள், இங்கே பார்த்துச் சிரியுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாட்டுக்குக் கத்திரியால் கொழுந்தை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் போனேன்.

"சிரிக்கச் சொல்லுதாவ," என்றாள் என்னிடம், கையை நிறுத்தாமல். "எதுக்குன்னு சொன்னா சிரிப்பேன்."

அவள்தான் ஜெயமணியக்கா. அந்த மலையில் நான் கேட்ட முதல் நல்ல வசனம் அது. விளம்பரத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, ஜோபியையும் கேமராவையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் மலையேறினேன். இந்த முறை நீல ஷீட்டுகளைத்தான் முதலில் எடுத்தோம்.

பெரட்டு

காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதற்காக எல்லோரும் வரிசையில் வந்து நிற்கிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். பெரட்டில் பெயர் இருக்கிற வரைக்கும்தான் லயத்தில் வீடு. வயதாகிப் பெயரை வெட்டிவிட்டால் வீட்டையும் விட வேண்டும். விடாமலிருக்க ஒரே வழி, வீட்டில் இன்னொருவர் பெயரைப் பதிவது. மகனோ, மகளோ, மருமகளோ. ஒரு தலை இறங்கினால் இன்னொரு தலை ஏற வேண்டும்.

இதை அவர்கள் யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. "பேரு பதியணும்லா" என்பார்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போடணும்லா என்பதைப் போல. பிள்ளை நன்றாகப் படிக்கிறதா, படிக்கட்டும். ஆத்தாளுக்குப் பெயர் வெட்டுகிற வருஷம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடையை எடுத்துக்கொள்ளும். அங்கே பிள்ளைகளின் படிப்பு முடிகிற வகுப்பைத் தீர்மானிப்பது வாத்தியாரில்லை, தாயின் வயது.

நான் படம் எடுக்கப் போனபோது ஜெயமணியக்காவுக்குப் பெயர் வெட்ட சில மாதங்கள்தான் இருந்தன. புருஷன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருப்பது ஒரே மகள், பெர்சி. தேனியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தபோது கேமரா முன்னால் உட்கார வைத்தேன்.

"படிப்ப என்ன செய்யப்போற பெர்சி?"

"நிப்பாட்டிருவேன் அக்கா. பேரு பதிஞ்சுக்கிடுவேன். இல்லன்னா அம்மை எங்க போவா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் கேமராவைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. நல்லவேளை, ஜோபி கையில் இருந்தது.

பிறகு ஜெயமணியக்கா பேசினாள். அடுப்பங்கரையில், புகைக்கு நடுவில், கட்டைக் குச்சியால் தீயைத் தள்ளிக்கொண்டே. யாரும் கேள்வி கேட்கவில்லை. அவளாகவே பேசினாள்.

"எங்க அம்மைக்குப் பேரு வெட்டுனப்ப, வீட்டுக்காக என்னையப் பதிஞ்சாவ. அப்ப நான் டீச்சர் ட்ரெயினிங் போவணும்னு கெடந்தேன். இப்ப எனக்கு வெட்டப்போறாவ, எம் பிள்ளையக் கேக்காவ. இத்தன வருசம் எங்க அம்மை செஞ்சா, நான் செஞ்சேன். அந்த வேலைக்கு இந்த வீடு இல்லயாம். இனிமே எம் பிள்ள செய்யப்போற வேலைக்குத்தான் வீடாம். அப்ப நாங்க செஞ்சதுக்கு என்ன பேரு? சொல்லுங்க, அதுக்கு என்ன பேரு?"

எடிட்டிங்கில் அந்தப் பகுதியை நான் தொடவே இல்லை. எடுத்தது எடுத்தபடி வைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படங்களிலேயே எனக்குப் பெருமையான இடம் அதுதான். அதில் நான் செய்தது ஒன்றுமில்லை என்பதுதான் காரணம்.

இரண்டு பேர் கேட்ட ஒரே வெட்டு

படம் முடிந்ததும் தலைநகரம் திருவனந்தபுரத்தில் நடக்கும் ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பினேன். இந்த முறை திருப்பி அனுப்பவில்லை. தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்து, மலையின் வெளிச்சத்தை அற்புதமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு மெதுவாக வந்தார் விஷயத்துக்கு. அந்த அடுப்பங்கரைப் பேச்சு கொஞ்சம் பிரச்சாரம்போல இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டு, மூடுபனி ஷாட் ஒன்றை நீளமாக வைத்தால் படம் கவிதையாகிவிடுமாம்.

மூடுபனி. அந்த ஊரில் மூடுபனிக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நான் வேண்டுமானால் ஒரு லாரி அனுப்பியிருப்பேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். மலைக்குப் போனேன். ஜெயமணியக்கா வீட்டில் லீடர் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் யூனியன் காரியங்களைப் பார்க்கிறவர். வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். எனக்குக் கட்டன்சாயா வரும் வரைக்கும் காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார்.

"மேடம், அடுப்படியில வச்சு இவ பேசுனத எடுத்துருங்க. அது வெளிய போச்சுன்னா, பிள்ளைக்குப் பேரு பதிய மாட்டோம்னு ஆபீசுல சொல்லிட்டாவ. பேரு பதியலன்னா வீடு போச்சு. நான் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"ஆபீசுல படத்த யாரு பாத்தாங்க?"

"பாக்கல்ல. கேள்விப்பட்டாவ."

யார் வாயிலிருந்து கேள்விப்பட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. லீடர் சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைநகரத்தில் ஏசி அறையில் இருக்கிற ஒருவரும், இந்தப் புகையடித்த அடுப்பங்கரையில் இருக்கிற ஒருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒருவருக்குக் கலை வேண்டும், இன்னொருவருக்குக் கம்பெனியின் நிம்மதி வேண்டும். இரண்டு பேரும் கத்திரி வைக்கச் சொன்னது ஒரே இடத்தில்.

லீடர் போன பிறகு ஜெயமணியக்காவிடம் சொன்னேன். "இது உங்க வீட்டு விஷயம் அக்கா. வேண்டாம்னா எடுத்தர்றேன்." அவள் தலைக்கு மேலே இருக்கிற கூரையை வைத்து நான் சூதாட முடியாது.

பெர்சி குறுக்கே வந்தாள். "எடுத்துருங்கக்கா. நான்தான் வேலைக்குப் போறேன்னு சொல்லுதேன்லா."

"நீ சும்மா இருட்டி," என்றாள் தாய். அடுப்புக் கட்டையை உள்ளே தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எடுக்க வேண்டாம் மேடம். ஆனா மொதல்ல இங்க போடுங்க. திருவனந்தபுரத்துல உள்ளவுக எங்க வீட்டப் பாத்து என்ன ஆவப்போவுது? இங்க எல்லா வீட்டுலயும் இதே கததான். ஒருத்தரும் வாயால சொல்லிக் கேட்டதில்ல. ஒரு தடவ எல்லாரும் சேந்து உக்காந்து கேக்கட்டும்."

"வீடு போயிட்டா?"

"போட்டதுக்கு அப்புறம் பாப்போம்."

ஒரே ஒரு நாற்காலி

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச் முடிந்து நேராக வந்தார்கள். கோயில் தெருப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கொட்டகையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான்.

படம் தொடங்கியதும் ஒரே சிரிப்பு. தங்களைத் தாங்களே திரையில் பார்க்கிற சிரிப்பு. "ஏ, இது நம்ம செல்லத்தாயிலா, சேல கட்டியிருக்க லெச்சணத்தப் பாரு" என்றது ஒரு குரல். "ஒனக்குப் பொறாமட்டி" என்றது செல்லத்தாயின் குரல். ஜோபி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்கு அந்த நிமிஷம் போதும் போல இருந்தது.

அடுப்பங்கரைக் காட்சி வந்தது. ஜெயமணியக்கா தீயைத் தள்ளிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கியது. அந்த நேரம் பார்த்து வாசல் படங்கு விலகி உள்ளே வெயில் அடித்தது. தொரை. அவருக்குப் பின்னால் லீடர், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

தொரைக்கு அதிகம் போனால் நாற்பது வயதிருக்கும். சத்தம் போட்டுப் பேசுகிறவரில்லை. யாரையும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை என்று லயத்திலேயே சொல்வார்கள். வாசலோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "உட்காருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"சேச்சி, நிர்த்தட்டே?" என்றான் ஜோபி.

நானே நிறுத்தினேன். தொரை என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார். "எதுக்கு நிறுத்தறீங்க மேடம்? ஓடட்டும்."

"நீங்க உக்காந்தா ஓட்டறேன் சார்."

"வேண்டாம், எனக்கு இப்பப் போகணும். நின்னுட்டே பாக்கறேன்."

தனக்கு முன்னால் கொட்டகையே சுவராக நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. அவர் நிற்கிற வரைக்கும் ஒருவரும் உட்கார மாட்டார்கள் என்பதும், அந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் நின்றால் போதும் என்பதும் அவருக்குத் தெரியும். கத்திரி வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம், மிரட்டல் வேண்டாம். சும்மா நின்றால் போதும். நான் பார்த்த தணிக்கைகளிலேயே மிக மலிவானது இதுதான்.

மறுபடியும் ஓட்டினேன். "எல்லாரும் உட்காருங்க" என்று கத்தினேன். பின்வரிசையில் ஒரு கிழவர் பாதி மடங்கினார். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் நிமிர்ந்துகொண்டார். அக்காவின் முகம் ஸ்வெட்டர்களில் சிதறியது. வாசல் பக்கம் திரும்பியிருந்த முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு அது உண்மையான கோபம்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயமணியக்கா வந்தாள், நேராக என்னிடம்.

"எந்திரிங்க மேடம்."

"எதுக்கு?"

"நாற்காலி வேணும்."

எழுந்தேன். நாற்காலியைத் தூக்கினாள். சேலை முந்தானையால் அதை நன்றாகத் துடைத்தாள். கூட்டம் வழி விட்டது. திரைக்கு நேர் எதிரே, முதல் வரிசைக்கும் முன்னால் கொண்டுபோய்ப் போட்டாள். பிறகு வாசலுக்குப் போனாள்.

"தொரை, வாங்க. உக்காருங்க."

"இருக்கட்டும் ஜெயமணி. நான் கிளம்பறேன்."

"எங்க கிளப்புக்கு வந்துட்டு நின்னுக்கிட்டே போனா எங்களுக்குத்தான் தொரை கேவலம். நீங்க நின்னா நாங்களும் நிக்கணும். எல்லாருக்கும் கால் வலிக்கி. வயசானவுகளும் நிக்காவ. வாங்க."

குரலில் ஒரு துளி கோபமில்லை. விருந்தாளியை இலைக்குக் கூப்பிடுகிற குரல். அவருக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, உட்கார வேண்டும். இல்லையென்றால் இத்தனை பேர் பார்க்க ஒரு கிழவியின் உபசரிப்பைத் தட்டிவிட்டு வெளியேற வேண்டும். மென்மையான மனிதர் என்று பெயரெடுத்தவருக்கு இரண்டாவது முடியவில்லை. நடந்து வந்து உட்கார்ந்தார்.

கொட்டகை மொத்தமும் உட்கார்ந்தது. பாய்கள் சரசரத்தன. திரை முழுசாகத் தெரிந்தது.

ஜெயமணியக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், நான் பேசுதத மொதல்ல இருந்து போடுங்க."

போட்டேன். திரையில் அவள் கேட்டாள், அப்ப நாங்க செஞ்சதுக்கு என்ன பேரு, சொல்லுங்க. கேட்கப்பட்டவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பெர்சியில்லை. அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

காட்சி முடிந்ததும் தொரை எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற நிலை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஜெயமணி, வீட்ட நினைச்சு நீ கவலப்பட வேண்டாம். யாரோ ஏதோ சொல்லிப் பயமுறுத்தியிருக்காங்க. நாளைக்குக் காலைல பெர்சியப் பெரட்டுக்கு வரச் சொல்லு. நானே நின்னு பேரு பதியறேன். வீடு உங்களுக்குத்தான்."

லீடர் கைதட்டினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் தட்டினார்கள். ஒரு நிமிஷம் எல்லோர் முகத்திலும் நிம்மதி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவள் எதை எதிர்த்துக் கேட்டாளோ அதே கொள்ளையைத்தான் அவர் தானம் மாதிரிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெர்சி முன்னால் வந்து, "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டாள்.

"அவ வர மாட்டா, தொரை," என்றாள் ஜெயமணியக்கா.

கைதட்டல் நின்றது.

"அப்போ வீடு?" என்றார் தொரை. உண்மையாகவே புரியாமல் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"வீடு உங்க வீடு. எடுத்துக்கிடுங்க. பிள்ள எம் பிள்ள. அத நான் தர மாட்டேன்."

பூட்டு

மழைக்காலம் பிறப்பதற்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஒரு ஜீப்பில் அடங்கிவிட்டது எல்லாம். போடி பக்கம் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். மசாலாக் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறாள் ஜெயமணியக்கா. குளிர் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று போனில் குறைப்பட்டுக்கொள்வாள். பெர்சி படித்துக்கொண்டிருக்கிறாள்.

தலைநகர விழாவில் என் படம் இல்லை. மூடுபனி ஷாட்டை நான் அனுப்பவில்லை.

சமீபத்தில் அந்த மலைக்குப் போயிருந்தேன். ஜெயமணியக்கா இருந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். பூட்டிக் கிடந்தது. கதவுக்கு முன்னால் புல் முளைத்திருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் கேட்டேன். "யாரு குடிவந்திருக்காங்க?"

"ஒருத்தரும் வரல மேடம். இப்ப எந்தப் பிள்ள மேடம் கொழுந்துக்கு வருது? இந்த லயத்துலேயே பாதி வீடு பூட்டித்தான் கெடக்கு. அவ இருந்தப்பவும் அப்படித்தான்."

அவளை வெளியே அனுப்பியபோதும் அந்த வரிசையில் வீடுகள் சும்மாதான் கிடந்திருக்கின்றன. யாருக்கும் தேவைப்படாத ஒரு வீட்டுக்காகத்தான் அந்தப் பெண்ணின் மகளைக் கேட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்றதும், அதைப் பூட்டிப் புல் முளைக்க விட்டிருக்கிறார்கள்.

எப்போதும் கோபமாகவே எழுதுகிறீர்களே என்று வாசகி கேட்டாரே, அதற்கு இதுதான் பதில்.